அலை வந்த இடத்தில் மீண்டும் வீடு

2004 டிசம்பர் 26 காலையில் இந்துமாக்கடலின் அடியில் நிலம் பிளந்தபோது, அதற்கு மிக நெருக்கமாக மனிதர்கள் வாழ்ந்த நிலங்களில் ஒன்று சிமலூ. சுமத்ராவுக்கு மேற்கே கிடக்கும் தீவு அது. அதன் வட பகுதியில் லாங்கி என்றொரு கடலோர ஊர். சுமார் 800 பேர் வாழ்ந்தார்கள். நிலம் ஆடி ஓய்ந்த எட்டு நிமிடங்களில் 10 முதல் 15 மீட்டர் உயரத்துக்கு அலை ஏறி வந்து வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் அதற்குள் மேட்டில் ஏறியிருந்தார்கள். தீவின் மொத்த மக்கள்தொகை சுமார் 78,000. அலையில் இறந்தவர்கள் ஏழு பேர்.

சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சே நகரத்தை அலை எட்ட இதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனாலும் அங்கே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கடல் உள்வாங்கியதும் தரையில் துடித்த மீன்களைப் பொறுக்க இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. இரண்டு இடத்திலும் எச்சரிக்கைக் கருவி கிடையாது. வேறாக இருந்தது ஒரு நினைவு. 1907 ஜனவரியில் ஒரு பேரலை சிமலூவைச் சூறையாடியது. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நாந்தோங் என்ற பாட்டு வடிவத்திலும் அது புகுந்தது. சொன்ன சேதி சிறியது: நிலம் பலமாக ஆடினால், பின்னால் கடல் வற்றினால், எதையும் எடுக்க நிற்காதே, மலைக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து, அந்த அலையை நேரில் காணாத தலைமுறை அந்தச் சொல்லைக் கேட்டு ஓடியது.

இதை ‘மூத்தோர் அறிவின் வெற்றி’ என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. எனக்கு அது போதவில்லை. பேரலையின் நினைவு உலகின் எத்தனையோ கரைகளில் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. அந்த நினைவு சில இடங்களில் மனிதர்களைக் காப்பாற்றியது; சில இடங்களில் ஒன்றும் செய்யவில்லை; இன்னும் சில இடங்களில் அதுவே அவர்களைக் கரையில் நிறுத்திவைத்துக் கொன்றது. நினைவு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதே முடிவுகளைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் தனிமனிதரிடம் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பட்டுத் தெரிந்தவர்கள் சரியாக முடிவெடுப்பார்கள் என்று நம்புகிறோம். உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை அந்த நம்பிக்கையை அசைத்தது. 32 மாணவர்கள் ஒரு கையை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி வைத்திருந்தார்கள், நன்றாக வலிக்கும். இன்னொரு முறை மற்றக் கையை அதே நீரில் 60 விநாடி வைத்து, எடுக்காமல் மேலும் 30 விநாடி நீட்டித்தார்கள். அந்த 30 விநாடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏறியது. வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. மூன்றாம் முறை எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, 32 பேரில் 22 பேர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் வலியை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பதை நினைவு ஏறத்தாழக் கைவிட்டுவிடுகிறது. உச்சத்தையும் முடிவையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஆளான நோயாளிகளிடம் மருத்துவர் டொனால்ட் ரெடல்மெயரும் கானமனும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது. அனுபவித்தவர் ஒருவர், அடுத்த முறைக்கு முடிவெடுப்பவர் வேறொருவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973இல் எழுதிய இன்னொரு ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஒன்று எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி அது நடக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்தை விட்டுக் காரில் போனார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் சாலைகளில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணித்தார். கோபுரத்தில் மோதும் விமானத்தை எல்லோரும் திரையில் பார்த்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒருவர் இருவராகச் செத்தவர்களை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

நினைவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடந்ததைச் சேர்த்துவைக்கும் பரண் என்று மட்டும் அதை எண்ணினால் இது புரியாது. 2007இல் டெமிஸ் ஹசாபிஸ், எலினோர் மக்வைர் குழுவினர், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பழுதாகிப் பழைய நிகழ்வுகளை நினைவுகூர முடியாத ஐந்து நோயாளிகளைச் சோதித்தார்கள். ஒரு கடற்கரையில் நீங்கள் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள், என்ன தெரிகிறது என்பது போன்ற கேள்விகள். பெரும்பாலோரால் முழுக் காட்சியாக ஒன்றைக் கட்டி எழுப்ப முடியவில்லை. துண்டு துண்டாகச் சில பொருள்கள் மட்டும் வந்தன. இனி நடக்கப்போவதை மனக்கண்ணால் பார்ப்பதற்கும் பழைய நினைவே மூலப்பொருள். பேரலையை மனத்தில் கட்டி எழுப்ப முடியாதவருக்கு ‘சுனாமி எச்சரிக்கை’ என்பது வெறும் ஓசை.

ஜப்பானின் இஷினோமாகி நகரத்தைச் சேர்ந்த ஓகாவா தொடக்கப்பள்ளி அப்படிப்பட்ட இடம். ஆற்று முகத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. முன்பு வந்த எந்தச் சுனாமியும் அங்கே எட்டியதாக நினைவில்லை. அரசின் அபாய வரைபடத்திலும் அந்த இடம் ஆபத்துப் பகுதிக்கு வெளியே. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகளை மைதானத்தில் சுமார் 50 நிமிடம் வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. அலை அங்கேயும் வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்த ஆசிரியர்களை அலட்சியக்காரர்கள் என்று என்னால் எழுத முடியாது. இந்த இடத்துக்கு அலை வராது என்று அவர்களுக்கு ஊரும் சொல்லியிருந்தது, வரைபடமும் சொல்லியிருந்தது.

இனி, நினைவு இருந்தும் அது தேய்ந்துபோகும் கதை. நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

செக் நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வில்டாவா ஆற்றோரம் சுமார் 900 ஆண்டுகளில் தோன்றிய 1,293 குடியிருப்புகளைக் கணக்கில் எடுத்தது. பெருவெள்ளம் ஒவ்வொன்றுக்கும் பின்னர் புதிய ஊர்கள் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் அமைந்தன. ஏறத்தாழ ஒரு தலைமுறை, அதாவது 25 ஆண்டு கழிந்ததும் மறுபடி ஆற்றை நோக்கி இறங்கின. வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருந்த வரைக்கும்தான் அந்தப் பாடமும் இருந்தது. ஏடுகளில் வெள்ளம் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு வீடு கட்டுகிறவர்களின் கையைப் பிடிக்கவில்லை. இன்றைய அமெரிக்காவில் காலம் இன்னும் குறுகிவிட்டது. பொருளாதார ஆய்வாளர் ஜஸ்டின் கல்லகர் 2014இல் காட்டியபடி, ஒரு பகுதியில் வெள்ளம் வந்தால் வெள்ளக் காப்பீடு எடுப்போர் எண்ணிக்கை 9 சதவீதம் கூடுகிறது; பிறகு மெல்லக் குறைந்து ஒன்பது ஆண்டில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது.

ஜப்பானின் வடகிழக்கில் சன்ரிகு கடற்கரை. 1896 ஜூன் 15 சுனாமியில் அங்கே சுமார் 22,000 பேர் இறந்தார்கள். 1933 மார்ச் 3 அன்று மறுபடி அலை வந்தது. சுமார் 3,000 பேர். ஒரே மனிதர் வாழ்நாளில் இரண்டையும் பார்த்திருக்க முடியும். இந்த ஊர்களை நடந்து நடந்து ஆராய்ந்தவர் புவியியலாளர் யமகுச்சி யாயிசிரோ. அவருடைய நூல் 1943இல் வெளிவந்தது. 1896க்குப் பிறகு மேட்டுக்குப் போன ஊர்கள் ஏன் கீழே இறங்கின என்பதுதான் அவர் கேள்வி. மேட்டிலிருந்து படகுக்குத் தூரம். குடிநீர்த் தட்டுப்பாடு. பரம்பரை மனை மீதான பிடிப்பு. இவற்றோடு இன்னொன்றையும் அவர் கண்டார்: அலையைப் பார்த்திராத வெளியூர்க்காரர்கள் காலியான கரையில் வந்து குடியேறி, நல்ல மீன்பாட்டில் சம்பாதித்தார்கள். மேட்டில் இருந்த பழைய குடிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைவு உள்ளவருக்கு நட்டம், நினைவு இல்லாதவருக்கு லாபம் என்று ஆனபின், எத்தனை நாள் மேட்டிலேயே இருப்பது?

எனவே கரைக்குத் திரும்பியவர்களை மறதிக்காரர்கள் என்பது அநியாயம். அலை எப்போதோ வருகிறது. அடுப்பு தினமும் எரிய வேண்டியிருக்கிறது.

அதே சன்ரிகுவில் மூன்று ஊர்கள் 2011இல் மூன்று விதமாக அலையைச் சந்தித்தன.

அனெயோஷி சிற்றூர் 1896இலும் 1933இலும் ஏறத்தாழ முழுதாக அழிந்தது. பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1933க்குப் பிறகு, கரையிலிருந்து ஏறும் பாதையோரம் ஒரு கல் நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்பது அதில் பொறித்த செய்தி. சன்ரிகு கரையில் நினைவுக் கற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பல இறந்தவர்களுக்கு இரங்குபவை, சில அலை எட்டிய உயரத்தைச் சொல்பவை. அனெயோஷிக் கல் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று கோடு கிழித்தது. ஊர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 2011 அலை கல்லுக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்றது. வீடுகள் ஒன்றும் போகவில்லை.

புடாய் கிராமத்தில் இரண்டு சுனாமிகளும் சேர்ந்து 439 பேரைக் கொன்றிருந்தன. 1933இல் மண்ணைத் தோண்டிப் பிணங்களை எடுத்ததைப் பார்த்தவர் கோட்டாக்கு வமுரா. 1947 முதல் 1987 வரை அவர்தான் ஊர்த் தலைவர். 1896 அலை 15 மீட்டர் என்று பெரியவர்கள் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். 15.5 மீட்டர் உயரத்தில் தடுப்புச் சுவரும், ஆற்று வாயில் மதகுக் கதவும் வேண்டும் என்றார். சுமார் 3,000 பேர் உள்ள கிராமத்துக்கு இவ்வளவு செலவா, இவ்வளவு உயரம் எதற்கு என்று எதிர்ப்பு வந்தது. அவர் உயரத்தைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. 1984இல் மதகு முடிந்தது. 1997இல் வமுரா இறந்தார். 2011இல் கதவுக்கு மேலாகச் சிறிது நீர் வழிந்தது, ஊர் நின்றது. காணாமல் போனவர் ஒருவர், தன் படகைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போனவர்.

டாரோவின் கதை வேறு. 1896இல் 1,859 பேரையும் 1933இல் 911 பேரையும் இழந்த ஊர் அது. நினைவில் அதற்குக் குறையே இல்லை. 1934இலேயே சுவர் கட்டத் தொடங்கி, பல கட்டங்களாக நீட்டி, 10 மீட்டர் உயரத்தில் மொத்தம் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாடுகளிலிருந்தும் பார்க்க வந்தார்கள். 1960இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் வந்த சுனாமியில் டாரோவுக்குப் பெரிய சேதமில்லை. புகழ் சுவருக்குப் போனது. சுவரின் நிழலில் வீடுகள் பெருகின. 2010 பிப்ரவரியில், மறுபடி சிலியிலிருந்து, 3 மீட்டர் வரை அலை வரலாம் என்று எச்சரித்தார்கள். ஜப்பானில் பதிவான அதிகபட்ச உயரம் 1.2 மீட்டர்தான். 2011 மார்ச் 9 அன்று ஒரு சிறு சுனாமி வந்து போனது. மார்ச் 11 அன்று முதலில் வந்த எச்சரிக்கை, டாரோ உள்ள இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் என்றது. 10 மீட்டர் சுவருக்குள் இருப்பவர் 3 மீட்டர் என்று கேட்டால் என்ன முடிவெடுப்பார்? அலை சுவரைத் தாண்டியது. சுமார் 180 பேர் இறந்தார்கள்.

கானமனின் குளிர்நீர்ச் சோதனையில் கண்டது இங்கே ஊர் அளவில் நடந்ததாகவே நான் பார்க்கிறேன். முடிவு சுமுகமாக இருந்த அனுபவமே நினைவில் மேலே நிற்கிறது. 1896இன் உச்சத்தைப் பார்த்தவர்கள் 2011இல் டாரோவில் இல்லை. இருந்தவர்களிடம், பயப்பட்டு ஒன்றும் ஆகாமல் போன நாள்களின் நினைவுதான் இருந்தது. புடாயில் வமுரா அந்த நாள்களை நம்பவில்லை. உச்சத்தை எண்ணாக மாற்றிக் கான்கிரீட்டில் பூட்டிவைத்தார். அவருடைய சுவரையும் 2011 அலை சற்றே தாண்டியது என்பதை மறக்கக் கூடாது. அலை இன்னும் உயர்ந்திருந்தால் புடாயும் டாரோ ஆகியிருக்கும். அனெயோஷியின் கல்லையே நான் மூன்றிலும் உயர்ந்ததாகக் கருதுகிறேன். அது எந்தப் பாதுகாப்பையும் வாக்களிக்கவில்லை.

நம் கரைக்கு வருவோம். கடல் ஊரை விழுங்கிய நினைவு தமிழில் மிகப் பழையது. பழைய சங்கங்களின் நகரங்களைக் கடல் கொண்டது என்பது இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் செய்தி. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. காணாமல் போன மகனைத் தேடிய சோழன் இந்திர விழாவை நடத்தத் தவறினான். தெய்வத்தின் சாபத்தால் நகரம் அழிந்தது என்பது கதை. வரலாறாக இவற்றை எவ்வளவு ஏற்பது என்பது தனி விவாதம். இங்கே நான் கவனிப்பது வேறொன்றை: இந்த நினைவு நம்மிடம் என்ன செய்யச் சொன்னது? சங்கக் கதை இழந்த நூல்களுக்கு ஏங்கச் சொன்னது. மணிமேகலை விழாவைத் தவறாமல் நடத்தச் சொன்னது. கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்று எதுவும் சொல்லவில்லை. சிமலூவின் சில வரிப் பாட்டில் இருந்தது நம் பெருங்காப்பியத்தில் இல்லை. காப்பியத்தின் வேலை அதுவன்று. ஆனால் வேறெங்கும் அது சேர்த்துவைக்கப்படவும் இல்லை.

2004இல் அலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கி, மூழ்கிக் கிடந்த பாறைகள் வெளித்தெரிந்ததை நின்று பார்த்தவர்கள் உண்டு. அது ஓட வேண்டிய அடையாளம் என்று அவர்களுக்குச் சொல்லிவைக்க யாருமில்லை. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

சிமலூவை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்மோங் பாட்டின் முதல் அடையாளம் பலத்த நிலநடுக்கம். தொலைவில் பிறக்கும் அலைக்கு நம் கரையில் அந்த அடையாளம் வலுவாக இருக்காது. பழங்குடிகளுக்கு எல்லாம் தெரியும் என்ற பேச்சும் அரை உண்மை. தாய்லாந்தின் மோக்கன் கடலோடிகள் தங்கள் பழங்கதையை நம்பி மேட்டுக்கு ஏறிப் பிழைத்தார்கள். நிக்கோபார் தீவுகளில் கடலோரம் வாழ்ந்த பழங்குடி மக்களோ பெருந்தொகையாக மாண்டார்கள்.

அலைக்குப் பிறகு நம் மீனவர்களின் முன்னால் ஒரு தேர்வு வைக்கப்பட்டது. 2005 மார்ச் இறுதியில் வந்த தமிழக அரசாணைப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் தள்ளிப் போனால் அரசு வீடு கிடைக்கும். அங்கேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி இல்லை. அச்சம் ஆறாத நேரத்தில் பலர் தள்ளிப்போனார்கள். ஆனால் வலையும் எஞ்சினும் கரையில் இருக்க, வீடு உள்ளே இருந்தால், அந்தத் தூரம் தினமும் உடம்பில் ஏறும் சுமை. யமகுச்சி சன்ரிகுவில் எழுதிவைத்த அதே தூரம்தான். இடத்தை மாற்றச் சொல்லும் எந்தத் திட்டமும், மீனவர் கரையில் இருந்தாக வேண்டிய நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லாவிட்டால், ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

இன்று எச்சரிக்கை இருக்கிறது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, தமிழகக் கரைக்கும் எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு விலகினார்கள். எட்டே ஆண்டுக்கு முந்தைய நினைவு பச்சையாக இருந்தது. பண்டா ஆச்சேவிலும் ஓடினார்கள். ஆனால் எல்லோரும் வண்டியை எடுத்ததால் சாலைகள் அடைத்துக்கொண்டன. நல்லவேளையாக அன்று பெரிய அலை எழவில்லை. ஓட வேண்டும் என்பது நினைவில் இருந்தது. எப்படி, எந்த வழியாக என்பது இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பிய ஊர்கள் நம் நாட்டிலேயே உள்ளன. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய இரண்டு கடலோரக் கிராமங்களை 2020இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் ‘சுனாமிக்குத் தயாரான ஊர்கள்’ என்று அங்கீகரித்தது. வெளியேறும் பாதை, வரைபடம், ஊர்க்குழு, ஒத்திகை எல்லாம் இருந்தால்தான் அந்த அங்கீகாரம். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேரை இழந்த மாநிலம் அது.

வில்டாவா ஆற்றோர ஊர்களின் கணக்குப்படி, கண்டவர்களின் நினைவுக்கு ஆயுள் 25 ஆண்டு. நம் கரைக்கு அந்தக் கெடு 2029இல் முடிகிறது. 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது கடலுக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று கரையோர ஊர்களில் கடலில் பால் ஊற்றுகிறோம், மலர் தூவுகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அது வேண்டும், இறந்தவர்களுக்கு அது நம் கடன். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஊர்ப் பஞ்சாயத்துகளையும் பள்ளிகளையும் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சலி முடிந்ததும் ஊரே எழுந்து, பிள்ளைகள் முன்னே போக, கரையிலிருந்து மேட்டுக்கோ மாடிக் கட்டடத்துக்கோ போகும் வழியை ஒருமுறை நடந்து காட்டட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைக்கட்டும். அடுத்த டிசம்பரில் அதைவிடக் குறைந்த நிமிடத்தில் போய்ச் சேரட்டும்.